மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னால்: நர்சிங் மாணவிகளுக்கு ஒரு சேலம் வக்கீல் சொல்வது

[திரையில்: கோடு போட்ட ஒற்றைத் தாள். மேலே 'பெறுநர்: முதல்வர் அவர்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பக்கத்தில் மூடி திறக்காத பேனா.]

மத்தியானம் இரண்டரை மணி. வார்டு போஸ்டிங்கில் நிற்கும் பெண்ணை முதல்வர் அறைக்கு வரச் சொல்கிறார்கள். உள்ளே முதல்வர், வகுப்பு டியூட்டர், வார்டு இன்சார்ஜ். மேஜைமேல் டி.பி.ஆர்., அதாவது நோயாளியின் உடல் சூடு, நாடி, மூச்சு எழுதும் நோட்டு. வரிசையாக ஆறு நோயாளிகள், ஆறு பேருக்கும் நாடி 78. "பார்த்து எழுதினியா, பார்க்காமலே எழுதினியா?" அரை மணி நேரம் இதே கேள்வி. பிள்ளை அழ ஆரம்பித்ததும் ஒரு தாள் வருகிறது. "ஒரு அப்பாலஜி லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, இத்தோட முடிஞ்சிரும்."

பத்து நாள் கழித்து சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது. இரண்டாவது பத்தியில், 'மாணவி தன் குற்றத்தை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார்.'

நான் சேலத்தில் வக்கீல். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில்தான் என் பொழுது போகிறது. வருஷத்துக்கு நாலைந்து நர்சிங் பிள்ளைகள் இந்த மாதிரி உத்தரவோடு வருவார்கள். என் அக்கா ஸ்டாஃப் நர்ஸ், அவள் சொல்லி அனுப்புவாள். ஹாலில் பிட் பிடிபட்டது, லாக் புக்கில் டியூட்டர் கையெழுத்தைப் போட்டது, கேர் பிளான் என்ற நோயாளிப் பராமரிப்புத் திட்டத்தை சீனியரிடமிருந்து அப்படியே இறக்கியது, வார்டில் ரீல்ஸ் எடுத்தது என்று புகார் ஆளுக்கு ஆள் மாறும். அந்தத் தாள் மட்டும் மாறாது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

[திரையில்: அதே தாள். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரி மட்டும் பெரிதாகிறது.]

இந்த ஒரு தாளுக்கு ஏன் இவ்வளவு கனம்? கல்லூரி விசாரணை கிரிமினல் கேஸ் கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று கமிட்டிக்குப் பட்டாலே போதும். அந்த நிலையில் உங்கள் கையெழுத்திலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டால் அவர்கள் வேறு ஆதாரத்தைத் தேடுவதே இல்லை.

கோர்ட்டுக்குப் போனால் நீதிபதி முதலில் பார்ப்பது நீங்கள் தப்பு செய்தீர்களா என்பதை அல்ல. என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் சொன்னார்களா, ஆதாரத்தைக் காட்டினார்களா, பதில் சொல்ல நியாயமான அவகாசம் இருந்ததா, புகார் கொடுத்தவரே கமிட்டியிலும் உட்கார்ந்தாரா, உத்தரவில் காரணம் இருக்கிறதா. இயற்கை நீதி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 1962-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பாஸ் என்று ரிசல்ட் வந்த மூன்று மாணவர்களின் பரீட்சையை, முறைகேடு என்று சொல்லி போர்டு ரத்து செய்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் தண்டித்தது செல்லாது என்றது கோர்ட்.

ஆனால் இதை வைத்து ரொம்பவும் தெம்பாகிவிட வேண்டாம். ஒரு சென்டரே மொத்தமாகக் காப்பி அடித்த பீகார் வழக்கில், ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று 1970-இல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஞ்சி மருத்துவக் கல்லூரியில் மாணவிகள் விடுதிக்குள் புகுந்த பையன்கள், புகார் கொடுத்த பெண்களை நேருக்கு நேர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். 1973-இல் அதுவும் எடுபடவில்லை. சரியான தீர்ப்பு என்றுதான் எனக்கும் படுகிறது.

சரி, அந்த அறைக்குள் நிற்கும்போது என்ன செய்வது?

[திரையில்: மூடிய கதவு. மேலே சுவர்க் கடிகாரம்.]

சண்டை போடாதீர்கள். "மேம், எழுத்துல கொடுங்க, நான் எழுத்துல பதில் தர்றேன்" என்று சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. அன்றைக்கே எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். தேதி, நேரம், வார்டு, யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள். 'மன்னிக்கவும்' என்ற வார்த்தை வேண்டாம், 'இனி செய்ய மாட்டேன்' என்ற வரி வேண்டவே வேண்டாம். எழுதியதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள் என்றால், வெளியே வந்ததும் நினைவில் இருப்பதையெல்லாம் உங்கள் மெயிலுக்கே ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். அதில் தேதியும் நேரமும் தானாக விழுந்துவிடும்.

அடுத்து வீட்டுக்கு போன் போகும். முதல் காட்சியில் பார்த்த பிள்ளைக்கு ஏற்காட்டுப் பக்கம் ஊர். அப்பா காபி எஸ்டேட்டில் வேலை. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்து, டியூட்டர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். "தெரியாம பண்ணிருச்சுங்க, இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க." அவர் என்ன பண்ணுவார், பெற்ற மனசு. அதையும் பெற்றோர் உறுதிமொழி என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் சேர்த்துவிட்டார்கள். ஆக ஒப்புதல் இரண்டாகிவிட்டது. அதனால் கல்லூரியிலிருந்து போன் போவதற்கு முன்னால் நீங்களே வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்பா, அம்மா கூட வரட்டும், கையெழுத்து மட்டும் படித்துப் பார்த்து, ஒரு நாள் கழித்து.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்களும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எந்தச் சூழ்நிலையில் எழுதினீர்கள், யார் சொல்லச் சொல்ல எழுதினீர்கள் என்று சீக்கிரமே இன்னொரு கடிதம் கொடுங்கள். இரண்டு நாளில் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் வக்கீல் சொல்லிக் கொடுத்தது என்பார்கள்.

[திரையில்: ஒரு மாதக் காலண்டர். இருபத்தொரு கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுக்கின்றன.]

இப்போது சஸ்பென்ஷன். நர்சிங் படிப்பில் இதைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன். 'விசாரணை முடியும்வரை' என்று இரண்டு வரியில் போட்டுவிடுவார்கள், பார்க்கத் தண்டனை மாதிரியே இருக்காது. ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கும் பிராக்டிக்கலுக்கும் 80 சதவீத அட்டெண்டன்ஸ் இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். விடுப்புக்குக் காரணம் எதுவானாலும் இதே கணக்குதான். 100 நாளில் 21 நாள் வெளியே நின்றால் போச்சு. விசாரணையில் நீங்கள் நிரபராதி என்றே வந்தாலும் அந்த செமஸ்டர் திரும்பி வராது. கிளினிக்கல் போஸ்டிங்கோ பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். விட்ட நாளை விடுமுறையில் போய்த்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

அதனால் சஸ்பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த அன்றே இரண்டு விஷயம் கேட்டு எழுதுங்கள். எந்தத் தேதிக்குள் விசாரணையை முடிப்பீர்கள்? அதுவரை வகுப்புக்காவது அனுமதிப்பீர்களா? பதில் வராமல் போகலாம். ஆனால் அட்டெண்டன்ஸ் போய்விடும் என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னது ரெக்கார்டில் இருக்கும். பின்னால் ஹைகோர்ட்டில் இடைக்கால உத்தரவு கேட்கும்போது அந்தக் கடிதம்தான் பேசும்.

வக்கீலுக்குக் காசு எங்கே போவது என்பதுதான் பெற்றோர் எல்லோருக்கும் கவலை. அதே அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. நர்சிங் படிக்கும் பெண் என்றால் அந்த ஒன்றே போதும். சேர்வராயன் மலையிலிருந்து வரும் மலையாளி வகுப்புப் பையன்கள் பழங்குடியினர் என்பதால் அவர்களுக்கும் உண்டு. மற்ற பையன்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் பண்ணியும் கேட்கலாம்.

கமிட்டி அறைக்குள் வக்கீலைக் கூட்டிப்போகும் உரிமை பொதுவாகக் கிடையாது. அதனால் என்ன, பதில் கடிதத்தை உட்கார்ந்து எழுத வக்கீல் உதவலாமே. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ஹைகோர்ட். சேலம் மாவட்டம் மதுரைக் கிளையில் வராது, சென்னைக்குத்தான் போக வேண்டும். பேர்தான் ஏற்காடு எக்ஸ்பிரஸ், மலைக்குப் போகாது. ஆனால் ராத்திரி சேலத்தில் ஏறினால் காலையில் சென்னையில் இறக்கிவிடும். அங்கேயும் ஹைகோர்ட் சட்டப்பணிகள் குழு இருக்கிறது, இலவசம்தான். அரசியலமைப்பு 226-ஆவது பிரிவில் ரிட் மனு போட்டு, கல்லூரியோடு பல்கலைக்கழகத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்போம். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் 'உத்தரவு ரத்து, முறைப்படி மறுபடி விசாரிக்கவும்' என்றுதான் வரும். நீங்கள் தப்பே செய்யவில்லை என்ற சர்டிபிகேட் வராது. இடையில் பரீட்சை எழுத அனுமதி கிடைக்கலாம், ஆனால் ரிசல்ட்டை நிறுத்தி வைப்பார்கள். கேஸ் தோற்றால் எழுதியதும் போகும்.

பரீட்சைப் பேப்பர் சம்பந்தமான புகாரா? உங்கள் விடைத்தாள் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் போதும்.

[திரையில்: டி.பி.ஆர். நோட்டின் பக்கம். நோயாளிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

'நிஜமாகவே செய்திருந்தால்?' என்று கமெண்டில் கேட்பீர்கள். அந்த மலைக்காரப் பெண்ணிடம் நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், "மூணு பேருக்குப் பார்த்தேன் மேடம். மூணு பேருக்குப் பார்க்கல." அன்றைக்கு அந்த வார்டில் இருபத்தெட்டு படுக்கை, மாணவிகள் இரண்டே பேர். ரவுண்ட்ஸ் வருவதற்குள் நோட்டை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 78-ஐ நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார். அந்தக் கட்டிலில் என் அப்பா படுத்திருந்தால் நானும் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

பொய் சொல்ல வக்கீல் தேவையில்லை. செய்த அளவுக்கு மட்டும் பொறுப்பேற்று, அந்த அளவுக்கு மட்டும் தண்டனை கேட்கத்தான் வக்கீல். அவள் கொடுத்திருந்த முதல் கடிதத்தில் 'நான் நோயாளிகளின் பதிவுகளைப் போலியாக எழுதினேன்' என்று இருந்தது. அந்த வாக்கியம் அவளுடையது இல்லை, யாரோ சொல்லச் சொல்ல எழுதியது. இரண்டாவது கடிதத்தை என் அலுவலகத்தில் உட்கார்ந்து அவளே எழுதினாள். எந்தெந்தப் படுக்கை எண்ணுக்கு நாடி பார்த்தாள், எதற்குப் பார்க்கவில்லை, அன்றைக்கு வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள், முதல் கடிதம் எத்தனை மணிக்கு, யார் யார் எதிரில் எழுதியது. கடைசியில் இரண்டு கோரிக்கை: நோட்டின் நகல் வேண்டும், வார்டு இன்சார்ஜ் புகார்தாரர் என்பதால் கமிட்டியில் இருக்கக் கூடாது. ஒரு பிரதியைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து சீல் வாங்கினோம். இன்னொன்றை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை ஃபைலில் வைத்தோம்.

கமிட்டியை மாற்றி அமைத்தார்கள். அந்தப் போஸ்டிங்கைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது, சஸ்பென்ஷனை விலக்கிக்கொண்டார்கள். அட்டெண்டன்ஸ் 82-இல் தப்பியது.

அப்பா இரண்டு தடவை கேட்டார், "ஃபீஸு எவ்வளவுங்க மேடம்?" சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வந்த கேஸ், வாங்கக் கூடாது என்றேன். அடுத்த வாரம் ஒரு மஞ்சப்பையில் மிளகு வந்தது. அதைத் திருப்பி அனுப்பத்தான் பெரும்பாடு பட்டேன்.