நாலு நிமிஷ ஆடியோவும் என் ஒரு செகண்ட் பொறுமையும்

வணக்கம், வணக்கம். மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும், சரியாத் தூங்கலை. பகல்ல நான் டீச்சர், ராத்திரி முதுநிலைப் படிப்புல மாணவி. இந்த செமஸ்டரோட பெரிய அசைன்மென்ட்டை நேத்து ராத்திரிதான் அனுப்பினேன். "இத்தனை வருஷம் பாடம் நடத்தியாச்சு, இனிமே படிச்சு என்ன புதுசா தெரிஞ்சுக்கப் போறீங்க?"ன்னு நிறைய டீச்சர்ஸ் கேக்கறீங்க. நானும் அதே நெனப்புலதான் சேர்ந்தேன். அதனால இன்னைக்கு அந்த ஒரே ஒரு அசைன்மென்ட்டைப் பத்தி மட்டும் பேசறேன்.

வேலை ரொம்பச் சின்னது. வாசிக்கத் தடுமாறுற ஒரு பிள்ளைகிட்ட, முன்னாடி பாக்காத ஒரு பத்தியைக் குடுக்கணும். சத்தமா வாசிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணணும். அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் குறிக்கணும். இதுக்கு ரன்னிங் ரெக்கார்டுன்னு பேரு, நியூசிலாந்துல மேரி க்ளேங்கற கல்வி ஆய்வாளர் உருவாக்கின முறை. சரியா வாசிச்சா ஒரு டிக். தப்பா வாசிச்சா, என்ன சொன்னானோ அதை மேல எழுதி, புத்தகத்துல இருக்கிற சொல்லைக் கீழ எழுதணும். தானே திருத்திக்கிட்டா அது தப்புக் கணக்குல வராது. நாம சொல்லிக் குடுத்துட்டா வரும்.

பையன் பேரைச் சொல்ல மாட்டேன். வீட்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான் ரெக்கார்டே பண்ணேன்.

நூறு சொல், எட்டு தப்பு. அப்போ 92 சதவீதம். 95-ஓ அதுக்கு மேலயோ இருந்தா அந்தப் பத்தி அவனுக்கு சுலபம், 90-லேர்ந்து 94 வரைக்கும்னா நாம கூட இருந்து சொல்லித் தரலாம், 90-க்குக் கீழ போனா அவனுக்குக் கஷ்டம். சரி, நடுவுல இருக்கான்னு எழுதி, முதல் வரைவா அனுப்பிட்டு ஃபைலை மூடப் போனேன். "எண்ணிக்கையை விடுங்க, அந்த எட்டையும் ஒவ்வொண்ணா பிரிச்சு எழுதுங்க"ன்னு பேராசிரியர் திருப்பி அனுப்பிட்டாங்க. கடுப்புதான்.

பிரிச்சேன். 'வந்தார்கள்'னு இருந்ததை அவன் 'வந்தாங்க'ன்னு வாசிச்சிருக்கான். 'ஓடிற்று' அவன் வாயில 'ஓடுச்சு'. 'அவர்களிடம்'ங்கறது 'அவங்ககிட்ட'. மூணு! கண்ணு எழுத்துத் தமிழைப் பாக்குது, வாய் பேச்சுத் தமிழைப் பேசுது. நடுவுல அர்த்தம் புரியாம இப்படி மாத்த முடியுமா? அதை நான் தப்புன்னு சிவப்பு மையில வட்டம் போட்டிருக்கேன். விதிப்படி தப்புதான், எண்ணத்தான் வேணும். ஆனா அந்த மூணை எடுத்துட்டுப் பாருங்க, மிச்சம் அஞ்சு தப்பு, 95 சதவீதம். பையன் வேற கட்டத்துக்கே போயிடறான்.

அடுத்த மூணு வேற ரகம். 'கிணற்றடியில்'ங்கறதை 'கிராமத்தில்'னு சொல்லியிருக்கான். முதல் எழுத்தைப் பாத்தான், மீதியை ஊகிச்சுட்டான். இங்க ஒரு பழைய சண்டை இருக்கு. வாசிப்பே ஒரு ஊகிக்கிற விளையாட்டுதான்னு 1967-ல கென்னத் குட்மன்னு ஒரு வாசிப்பு ஆய்வாளர் கட்டுரை எழுதினார். ரொம்ப நாளைக்கு வகுப்பறைகள்ல அந்த யோசனைக்குப் பெரிய மவுசு. "படத்தைப் பாரு, என்ன சொல்லா இருக்கும்னு யோசி"ன்னு நாம சொல்றோம் பாருங்க, அதுக்கும் இதுக்கும் நெருங்கின உறவு. பின்னாடி வந்த ஆய்வுகள் இதைத் தலைகீழாக்கிடுச்சு. நல்லா வாசிக்கிறவங்க எழுத்தைத்தான் முழுசாப் பாக்கறாங்க, எழுத்து வசப்படாத பிள்ளைங்கதான் ஊகத்தை நம்பி இருக்காங்க. இந்தப் பையன் விஷயத்துல மூணு சொல்லையும் அடுக்கி வச்சுப் பாத்தேன், மூணுலயும் 'ற்ற' இருந்துச்சு. அவ்வளவுதான் அவன் பிரச்சினை! காற்று, நேற்று, கிணற்று, சேற்றில்னு ஒரு வாரம் அதை மட்டும் எடுத்தேன். 92-ங்கற எண்ணை வச்சு இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது.

கடைசி ரெண்டுதான் எனக்கு வலிச்சுது. அது ரெண்டும் நான் சொல்லிக் குடுத்த சொல். ஆடியோவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவன் நிறுத்தறான், உடனே என் குரல். ஒரு செகண்ட் கூட இல்லைங்க. எத்தனை வருஷமா 'உதவி'ன்னு நெனச்சு இதைப் பண்ணிட்டிருந்தேனோ! கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்டாக்கினாலே பிள்ளைங்க பதில் நீளுதுன்னு மேரி பட் ரோவ்ங்கற கல்வி ஆய்வாளர் 1970-கள்லயே எழுதியிருக்காங்க. அதைப் படிச்சு, அடிக்கோடு போட்டு, பரீட்சையில மார்க்கும் வாங்கினவதான் நான்.

சரி, இன்னொரு விஷயம். இந்தப் பேப்பர்ல எங்க கூட, வாசிக்கத் தடுமாறுற பிள்ளைங்களுக்கு உதவுற ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் ஆகப் போறவங்களும், பள்ளி நூலகர்களும் சேர்ந்து படிக்கறாங்க. முதல்ல எனக்குப் பிடிக்கலை, உண்மையைச் சொல்லிடறேன். நூலகர் அசைன்மென்ட்னா அலமாரியிலேர்ந்து எந்தப் புத்தகத்தைக் கழிக்கணும்னு பட்டியல் போடறதுன்னு நெனச்சேன். அதுவும் இருக்கு, அதுவும் லேசான வேலை இல்லை. கோள்கள் ஒன்பதுன்னு சொல்ற புத்தகம் இன்னும் அலமாரியில உக்காந்திருக்கு. புளூட்டோவை எடுத்தது 2006-ல.

என் குழுவுல இருந்த நூலகர் அக்கா நான் குறிச்ச எட்டு தப்பையும் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "இவனுக்கு எதைப் பத்தி நல்லாத் தெரியும்?" எனக்குத் தெரியலை. மறுநாள் அவன்கிட்டயே கேட்டேன். புறா! எத்தனை நாள் அடைகாக்கும், குஞ்சுக்கு எப்படி ஊட்டும், நிறுத்தாம சொல்றான். 1988-ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர் 64 மாணவர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. பேஸ்பால் ஆட்டத்தைப் பத்தின பத்தி. வாசிப்புல பின்தங்கி, ஆனா ஆட்டம் தெரிஞ்ச பிள்ளைங்க, நல்லா வாசிச்சு ஆட்டம் தெரியாத பிள்ளைங்களை விட அதிகமா நினைவு வச்சுச் சொன்னாங்க. இதை நான் ஆய்வாப் படிச்சிருந்தேன், அக்கா அதைக் கேள்வியாவே கேட்டுட்டாங்க. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்னு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல சொன்ன விதி அவங்க தொழில்ல ஊறிப்போனது. அவரும் நூலகர் ஆகறதுக்கு முன்னாடி கணக்கு வாத்தியார்தான், தெரியுமா?

இந்தப் படிப்புல புள்ளியியல் பேப்பர் கஷ்டமான்னு யோசிக்கறவங்களுக்கு: பாஸாயிடலாம், பயப்படாதீங்க. மேற்கோள் காட்டுற விதியெல்லாம் ஒரு சாப்ட்வேர் பாத்துக்கும். நேரம் சாப்பிடறது இந்த ஆடியோவை எழுதறதுதான். நாலு நிமிஷத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

அப்புறம் புறா பத்தி ஒண்ணு தேடி எடுத்து, ரெண்டாவது தடவை ரெக்கார்ட் பண்ணேன். ஒரு இடத்துல 'ஒற்றைக்காலில்'னு வருது. நிறுத்திட்டான். நான் மேஜைக்கு அடியில விரலை மடக்கி எண்ணறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாக்கு நுனியில வந்துடுச்சுங்க, கடிச்சுக்கிட்டேன். "ஒட்ட..." அப்படின்னான். நாலு. "இல்ல இல்ல, ஒற்றை. ஒற்றைக்காலில்."

அந்த இடத்துல தாள்ல டிக் போடக் கை வரலை, ரெண்டு தடவை ரிவைண்ட் பண்ணிக் கேட்டேன். இந்த ரெண்டாவது ரெக்கார்டிங்ல மீதி ரெண்டு நிமிஷம் இன்னும் எழுதாம இருக்கு. கேமரா பேட்டரியும் சிவப்பாயிடுச்சு, நான் கிளம்பறேன்.