சீட்டு நோட்டும் விளையாட்டுப் பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் 26 வருடம் கணக்கு எழுதினேன். போர்டு கேம் செய்ய ஊர் கூடிப் பணம் போடுகிறார்களே, அதைப் பற்றிப் பேசச் சொல்லி இன்று அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் என் அம்மாவிடமிருந்துதான் அதைத் தொடங்க முடியும்.

அம்மா எங்கள் தெருவில் சீட்டு நடத்தினார். 20 பேர், மாதம் 500 ரூபாய். பதிவு செய்யாத தெருச் சீட்டுதான், அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஒரு வருடம், மூன்றாவது மாதமே சீட்டை எடுத்த ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அவர் கட்ட வேண்டிய தவணை இன்னும் 17 பாக்கி, 8,500 ரூபாய். அம்மா தன் வளையலைக் கொண்டுபோய் சேட்டுக் கடையில் வைத்தார். மற்ற 19 பேருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. யார் எப்போது கேட்டாலும் நோட்டைத் திறந்து காட்டுவார். விரல் வைத்து வரிவரியாக வாசித்துக் காட்டுவார். "தண்ணி பிடிக்கப் போனா இவங்க முகத்துலதானே முழிக்கணும்" என்பார்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். வடசென்னைக்கு விளையாட்டைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துச் சந்துகளில் மாலை ஆனால் தெருவிளக்குக்குக் கீழே கேரம் போர்டு வந்துவிடும். வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலக சாம்பியன் ஆனார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார், ஆட்டோ ஓட்டுநரின் மகள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடி வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆகவே என் அக்கா மகன் ராயபுரத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்களைக் கூட்டி வைத்துப் புது மாதிரி போர்டு கேம் ஆடத் தொடங்கியபோது நானும் போய் உட்கார்ந்தேன். அட்டை, காய், பகடை, கூடவே இருபது பக்க விதிப் புத்தகம். இரண்டாவது வாரமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

இந்த விளையாட்டுகளில் பல, கடைக்கு வருவதற்கு முன்பே விற்றுவிடுகின்றன. செய்ய நினைப்பவர் இணையத்தில் படம் போடுகிறார், விதிகளை விளக்குகிறார், இவ்வளவு பணம் சேர்ந்தால் அச்சடித்து அனுப்புகிறேன் என்கிறார். கேட்ட தொகை சேராவிட்டால் யாரிடமும் பணம் எடுக்க மாட்டார்கள். சேர்ந்துவிட்டால் கமிஷன் போக மீதி மொத்தமும் அவர் கைக்குப் போகிறது. இதற்கு க்ரவுட்ஃபண்டிங் என்று பெயர். 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இதில் பெரிய தளம். 2020-இல் ஃப்ராஸ்ட்ஹேவன் என்ற ஒரே விளையாட்டுக்கு 83,000 பேர் சேர்ந்து ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் டாலர் போட்டார்கள். சொன்ன தேதிக்கு ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானாலும் பெட்டி வந்து சேர்ந்தது. சின்ன ஆட்கள், கம்பெனி ஆதரவு இல்லாதவர்கள், தங்கள் மனதில் இருக்கும் விளையாட்டை உலகத்துக்குக் கொண்டுவர இப்படி ஒரு வழி கிடைத்தது பெரிய விஷயம். இந்த வழி அடைபடக் கூடாது என்பதால்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

நானும் 2021-இல் ஒரு வெளிநாட்டு விளையாட்டுக்கு 4,800 ரூபாய் போட்டேன். முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஓவியம் முடிந்தது, மாதிரிக் காய் வந்தது என்று படத்தோடு எழுதினார்கள். அப்புறம் மாதம் ஒன்று. அப்புறம் பண்டிகை வாழ்த்து மட்டும். அதற்கப்புறம் அதுவும் இல்லை. பெட்டி வரவே இல்லை. 4,800 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் பணம் போனதைவிட அந்த மௌனம்தான் என்னை அதிகம் அறுத்தது. 26 வருடம் கணக்கு எழுதிய எனக்கு, என் பணம் எந்த வரியில் செலவானது என்று ஒரு தாள் வந்திருந்தால் போதும். நஷ்டம் என்று எழுதியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

யாரும் பேராசைப்பட்டுத் திருட வேண்டும் என்றே தொடங்குவதில்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2012-இல் 'தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' என்ற போர்டு கேமுக்கு ஒருவர் 35,000 டாலர் கேட்டார். 1,246 பேர் சேர்ந்து 1,22,000 டாலருக்கு மேல் போட்டார்கள். அடுத்த வருடம், விளையாட்டு வராது, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். பெரும்பாலோருக்கு அதுவும் வரவில்லை. வாங்குபவர்களை ஏமாற்றுவதைத் தடுக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்தது. வீட்டு வாடகைக்கும், ஊர் மாறிப் போகிற செலவுக்கும், வேறொரு திட்டத்துக்கும் பணம் போயிருக்கிறது என்று சொன்னது. 2015-இல் சமரசம் ஆனது. க்ரவுட்ஃபண்டிங்கில் அந்தக் கமிஷன் எடுத்த முதல் வழக்கு அது. 1,11,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு, ஆனால் அவரிடம் கட்ட வசதி இல்லை என்று அதை நிறுத்தி வைத்தார்கள். போட்டவர்கள் கைக்கு வழக்கால் ஒன்றும் வரவில்லை. க்ரிப்டோஜோயிக் என்ற வேறொரு கம்பெனி முன்வந்து அந்த விளையாட்டை அச்சடித்து, பணம் போட்டவர்களுக்கும் கொடுத்ததால் பெட்டியாவது கிடைத்தது.

இன்னொரு வழக்கு, அசைலம் என்ற சீட்டுக்கட்டு. இதுவும் 2012 தான். 810 பேர், 25,146 டாலர். சீட்டுக்கட்டு வரவில்லை. வாஷிங்டன் மாநில அரசு வழக்குப் போட்டது. 2015-இல் மொத்தம் 54,851 டாலர் கட்டச் சொல்லி உத்தரவு. அதில் பணம் போட்டவர்களுக்கு என்று ஒதுக்கியது வெறும் 668 டாலர், அதுவும் அந்த மாநிலத்துக்காரர்கள் 31 பேருக்கு. மீதி எல்லாம் அபராதமும் வழக்குச் செலவும். மாநில அரசே இறங்கி நடத்திய வழக்கின் முடிவு இது. தண்டையார்பேட்டையிலிருந்து நான் யார் மேல் எங்கே போய் வழக்குப் போடுவது?

இங்கே எனக்கு ஒரு கேள்வி. நம் நாட்டில் பதிவு செய்த சீட்டுக்கு 1982-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. சீட்டு நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் கமிஷன் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. 2019-இல் அதை 7 ஆக்கினார்கள். அந்தக் கமிஷனைச் சும்மா தருவதில்லை. சீட்டைத் தொடங்குவதற்கு முன்பே, சீட்டுத் தொகைக்குச் சமமான பிணையை அவர் கட்டியாக வேண்டும். கிக்ஸ்டார்ட்டரும் 5 சதவீதம் எடுக்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ஆனால் பெட்டி வரவில்லை என்றால், இது பணம் போட்டவருக்கும் அதை வாங்கியவருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று அந்தத் தளம் ஒதுங்கிக்கொள்கிறது. அதன் விதியில் நல்ல வாசகங்கள் இருக்கின்றன. சொன்னதைச் செய்ய முடியாதவர் என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும், மிச்சம் இருப்பதைத் திருப்பித் தர முன்வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த விளக்கத்தை யார் சரிபார்ப்பது? பொருள் வந்துசேரும்வரை தன் 5 சதவீதத்தில் பாதியையாவது அந்தத் தளம் தொடாமல் தனியே வைத்திருந்தால்கூட நிலைமை மாறும். கமிஷன் வாங்குகிறவருக்குப் பொறுப்பும் உண்டு என்பது எங்கள் தெருவில் படிக்காதவர்களுக்கும் தெரிந்த நியாயம்.

பணம் எங்கே கரைகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் என் வேலை கண்டெய்னரோடு. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகளை நம்மில் பார்க்காதவர்கள் இல்லை. இந்த விளையாட்டுப் பெட்டிகளில் பெரும் பங்கு சீனாவில் அச்சாகி, கண்டெய்னரில்தான் பயணம் போகிறது. கோவிட் காலத்தில் கண்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியபோது, ஏற்கெனவே பணம் வாங்கி முடித்தவர்கள் திகைத்துப் போனார்கள். வாங்கியது பழைய விலையில், அனுப்ப வேண்டியது புதிய வாடகையில். 2025 ஏப்ரலில் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா வரியை 145 சதவீதம் வரை ஏற்றியபோதும் அதே கதை. மே மாதம் குறைத்தார்கள் என்றாலும் அந்த ஒரு மாதத்தில் கப்பலில் இருந்த பெட்டிகளின் சொந்தக்காரர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

வெளியே தெரியாத இன்னொரு ஓட்டை இருக்கிறது, அது பெட்டியின் அளவு. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கிறார்கள். வருகிற எண் நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. 30-க்கு 30-க்கு 7 பெட்டி என்றால் 1.26 கிலோ. உள்ளே 700 கிராம்தான் இருந்தாலும் 1.26 கிலோவுக்குக் கட்ட வேண்டும், அதாவது காற்றுக்கும் காசு. இதில் 'இன்னும் இவ்வளவு பணம் சேர்ந்தால் மரக் காய் தருகிறேன், இன்னும் சேர்ந்தால் கூடுதல் வரைபடம் தருகிறேன்' என்று உற்சாகத்தில் வாக்குக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். பெட்டி பெருக்கிறது, எடை ஏறுகிறது. வாங்கிய பணத்தைவிட அனுப்பும் செலவு வேகமாக வளர்கிறது. அடுத்த விளையாட்டுக்குப் பணம் திரட்டி முந்தின விளையாட்டை அனுப்பும் நிலை அங்கேதான் தொடங்குகிறது. தீபாவளிச் சீட்டு கவிழ்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஒருவர் 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்தபோது, பணம் சேர்ந்த திட்டங்களில் 9 சதவீதம்தான் சொன்னதைத் தராமல் போயின என்று கண்டார். தாமதம் தனிக் கணக்கு, அது மிகச் சாதாரணம்.

இப்போது என் அக்கா மகன் விஷயம். காசிமேடு மீன் ஏலத்தை வைத்து அவனே ஒரு விளையாட்டு செய்திருக்கிறான். விடியற்காலையில் படகு கரை சேர்கிறது. வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி என்று ஆட்டச் சீட்டுகள். ஏலம் கேட்க வேண்டும், ஐஸ் வாங்க வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலச் சீட்டு வந்துவிட்டால் விசைப்படகுகள் நின்றுவிடும், கையிருப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆடிப் பார்த்த மீன்காரம்மா ஒருவர் அவனிடம், "இன்னாப்பா, கடன் வாங்குற சீட்டே இல்லியே" என்று கேட்டார். மறுவாரமே வட்டிச் சீட்டைச் சேர்த்தான். விளையாட்டு அப்போதுதான் உயிர் பெற்றது.

தெரிந்தவர்களிடம் பெட்டிக்கு 850 ரூபாய் முன்பணம் கேட்டான். 64 பேர் ஜிபேயில் அனுப்பினார்கள். நோட்டை என்னிடம் கொண்டுவந்தபோது எனக்குத் திக்கென்றது. எல்லாம் அவனுடைய சம்பளக் கணக்கிலேயே விழுந்திருந்தது. எது வாடகைப் பணம், எது 64 பேருடைய பணம் என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அட்லாண்டிக் சிட்டிக்காரருக்கும் அங்கேதான் சறுக்கியிருக்க வேண்டும்.

"சித்தி, நான் என்ன ஓடியா போயிடுவேன்?" என்றான். ஓட மாட்டான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த 64 பேரில் பாதிப் பேருக்கு அவன் முகமே தெரியாது. நண்பனின் நண்பன், கோயம்புத்தூரில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். தண்ணீர் பிடிக்கும்போது அவர்கள் யார் முகத்திலும் இவன் விழிக்கப் போவதில்லை.

அன்றைக்கே வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தனிக் கணக்கு திறந்தோம். 54,400 ரூபாயையும் அதற்கு மாற்றினோம். மரக் காய் கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லச் சொன்னேன். கஷ்டப்பட்டுச் சொன்னான். பெட்டியை 21-க்கு 15-க்கு 5 என்று குறைத்தோம், காற்றுக்குக் காசு கட்டக் கூடாது என்று. கம்பெனிகள் பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கழிக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்று நம் கம்பெனி விதி சொல்கிறது. இவன் கம்பெனி இல்லை, அந்த விதி இவனைக் கட்டாது. இருந்தாலும் அந்த 365 நாளை நாங்களே எங்களுக்குக் கெடுவாக வைத்துக்கொண்டோம். அதற்குள் பெட்டி கைக்கு வராதவருக்கு 850 ரூபாயும் திரும்பிப் போகும் என்று எழுதி, 64 பேருக்கும் அனுப்பினோம். அச்சு, அட்டை வெட்டு, கூரியர் போக 6,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். அது எதிர்பாராத செலவுக்கு. என் கையெழுத்து இல்லாமல் அதை எடுக்க முடியாது.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கணக்கு போகிறது. இரண்டு மாதக் கணக்கு போய்விட்டது. இரண்டாவது கணக்கில் ஒரு கெட்ட செய்தி இருந்தது. மாதிரி அட்டையில் நிறம் தப்பாக விழுந்து 2,300 ரூபாய் வீணாகிவிட்டது. அதை எழுதலாமா என்று தயங்கினான். எழுது என்றேன். அனுப்பிய அன்று இரவு ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். கோயம்புத்தூர்க்காரர் தன் ஊரில் தெரிந்த ஒரு அச்சகத்தில் நிறத்தைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

மூன்றாவது கணக்கு வருகிற 5-ஆம் தேதி. அம்மாவின் பழைய சீட்டு நோட்டில் பின்பக்கம் கொஞ்சம் தாள் காலியாக இருந்தது. அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நன்றி. வணக்கம்.