மொழியை மாற்றுவது பேசுகிறவர் வாயே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மொழியைப் பெரிதும் மாற்றுவது வெளியிலிருந்து வந்தவர்களா, உள்ளே பேசுகிறவர்களா என்பது இன்றைய கேள்வி. எதிரணித் தலைவர் சற்று முன் ஒரு நீளமான பட்டியல் படித்தார். ஜன்னல், சாவி, அலமாரி போர்ச்சுக்கீசியம். வக்கீலும் ஜப்தியும் அரபி, பாரசீகம். பஸ்ஸும் டிக்கெட்டும் ஆங்கிலம் என்றார். கைதட்டலும் நன்றாகவே வாங்கினார். நானும் தட்டினேன், சொன்னது அத்தனையும் உண்மை.

ஆனால் ஐயா, அது சொற்களின் வரவுக் கணக்கு. மொழி மாறிய கணக்கு அல்ல. ஜன்னல் வந்தது, சரி. வந்த உடனே ஜன்னலை, ஜன்னலுக்கு, ஜன்னல்கள் என்று நம் உருபுகளை ஒட்டினோம். போன் வந்தது, 'போன் பண்ணு' என்று நம் வினையைச் சேர்த்தோம். போர்ச்சுக்கீசிய வேற்றுமை உருபு ஒன்று, ஆங்கில வினைமுற்று ஒன்று தமிழில் ஏறியிருந்தால் எதிரணி காட்டட்டும். ஜ, ஸ போன்ற ஒலிகள் வடசொற்களோடு வந்து தங்கிவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மதிப்பெண்ணை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

இப்போது ஒரு சின்ன சோதனை. எழுதும்போது அடித்தான், பேசும்போது அடிச்சான். சிரித்தான், சிரிச்சான். வைத்தான், வச்சான். அப்படியென்றால் படுத்தான்? படுச்சான் என்று யாராவது சொல்கிறோமா? எடுத்தான் எடுச்சான் ஆவதில்லை. பார்த்தான் பாச்சான் ஆவதில்லை. ஏன்? 'த'வுக்கு முன்னால் இ, ஐ, ய் போன்ற ஒலி வந்தால் நாக்கு ஏற்கெனவே அண்ணத்தை நோக்கி எழும்பி நிற்கிறது. அங்கிருந்து பல்லுக்கு இறங்கி 'த' சொல்வதைவிட, நின்ற இடத்திலேயே 'ச' சொல்வது எளிது. உகரத்துக்குப் பின்னால் அந்த வசதி இல்லை. ஐந்து அஞ்சு ஆனதும், தெரிந்தது தெரிஞ்சது ஆனதும் இதே வழியில்தான். இந்த விதியை எந்தப் பள்ளியிலும் நடத்துவதில்லை. பள்ளிக்கூட வாசலையே பார்க்காத குழந்தைகூட இதில் பிசகுவதில்லை.

இதற்குள் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. விற்றான் என்பதை வித்தான் என்கிறோம். முன்னால் இகரம் இருக்கிறதே, விச்சான் ஆக வேண்டாமா? ஆகவில்லை. அடித்தான் அடிச்சான் ஆன காலத்தில் விற்றானில் பழைய 'ற்ற' ஒலி அப்படியே இருந்திருக்கிறது. அந்த மாற்றம் நடந்து முடிந்த பிறகுதான் 'ற்ற' பேச்சில் 'த்த' ஆகியிருக்கிறது. அதற்குள் பஸ் போய்விட்டது! எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதற்குக் கல்வெட்டுத் தேட வேண்டாம், நம் வாயிலேயே இருக்கிறது.

'ஒலி சரி, இலக்கணம்?' என்று எதிரணி கேட்கும். 'வருகிறான்' என்பதையே எடுத்துக்கொள்வோம். நிகழ்காலம் காட்டும் கிறு, கின்று சங்க இலக்கியத்தில் அரிதிலும் அரிது. ஆழ்வார், நாயன்மார் பாடல்களுக்கு வந்தால் தாராளமாகப் புழங்குகின்றன. நிகழ்காலத்துக்கென்றே ஓர் இடைநிலை புதிதாக வேரூன்றியிருக்கிறது. அதை எந்த அரசனும் படையோடு கொண்டுவரவில்லை, வடமொழியிலும் கடன் வாங்கவில்லை. 'கள்' விகுதியும் அப்படித்தான். தொல்காப்பியர் அதை அஃறிணைக்கு மட்டும்தான் சொல்கிறார். திருக்குறளில் 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்று மெல்ல மனிதர் மேல் ஏறுகிறது. இன்று ஒரே ஓர் ஆளைப் பார்த்து 'நடுவர் அவர்களே' என்கிறேன். மாடு, மரத்துக்கு இருந்த விகுதி மரியாதை விகுதி ஆகிவிட்டது. நடுவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மரியாதையே சொல்லைத் தேய்த்துவிடும் என்பதற்கும் சாட்சி உண்டு. குறளில் 'இறந்த வெகுளி' என்றால் அளவு கடந்த கோபம். இறத்தல் என்றால் கடத்தல். செத்தான் என்று சொல்லக் கூசியவர்கள் 'கடந்து போனார்' என்று நாசூக்காகச் சொன்ன சொல் அது. சொல்லிச் சொல்லி அதுவே சாவுக்கு நேர்ச்சொல் ஆகிவிட்டது. பழைய பொருள் இலக்கணப் புத்தகத்தில் மட்டும் 'இறந்த காலம்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது இறந்தார் என்று சொல்லவும் வாய் வராமல் 'தவறிட்டார்' என்கிறோம். இப்படியே போனால், 'சரியா, தவறா' என்று கேள்வித்தாளில் கேட்க வாத்தியார்கள் தயங்கும் காலமும் வரலாம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார், வடமொழிக் கலப்பால்தான் மலையாளம் தனி மொழி ஆனது என்றார். சொற்கள் ஏராளமாகக் கலந்தது உண்மைதான். ஆனால் அம்மா, வினையைப் பாருங்கள். ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு. பழைய மலையாளத்தில் இருந்த, நம் வந்தேன், வந்தாய், வந்தான் போன்ற ஈறுகள் அங்கே உதிர்ந்துவிட்டன. சமஸ்கிருத வினையிலோ ஒவ்வொருவருக்கும் தனி ஈறு: கச்சாமி, கச்சசி, கச்சதி. அதைப் பார்த்து மலையாள இலக்கணம் மாறியிருந்தால் ஈறுகள் இன்னும் கெட்டிப்பட்டிருக்க வேண்டாமா? நடந்தது நேர்மாறு. 'ஞான்' என்று முன்னாலேயே சொல்லியாயிற்று, பின்னாலும் ஒருமுறை எதற்கு என்று பேசுகிறவர்கள் விட்டுவிட்டார்கள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அடுத்து 'நேரம் முடிஞ்சிருச்சு' என்று சொல்லப் போகிறீர்கள், ஐயா. 'முடிந்துவிட்டது' என்று சொல்ல மாட்டீர்கள். அதையும் எங்கள் அணியின் சாட்சியாகக் குறித்துக்கொண்டு தீர்ப்பு எழுதுங்கள். வணக்கம்.