எத்தனை பேரில் எத்தனை பேர்?

நண்பர்களே, வணக்கம்.

உடல்நலம் பற்றிப் பரவும் பச்சைப் பொய்யைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எனக்குக் கவலை தருவது பாதி உண்மைதான். நன்றாகப் படித்தவர்களும் அதில் விழுந்துவிடுகிறார்கள்.

1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். மருந்துகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிட்டால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்றது. செய்தி தீயாகப் பரவியது. ஏராளமான பெண்கள் பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, எவ்வளவு இரண்டு மடங்கானது? பழைய வகை மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு ரத்தம் உறைந்தது. புதிய வகையில் அது 7,000 பேரில் இரண்டு பேர். அவ்வளவுதான்! ஆனால் பயந்து மாத்திரையை நிறுத்தியதால் வேண்டாத கர்ப்பங்கள் கூடி, அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்பது மதிப்பீடு. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் பெரிய கொடுமை. யாரும் பொய் சொல்லவில்லை. எத்தனை பேரில் என்ற எண் மட்டும் மக்களிடம் போய்ச் சேரவில்லை.

பயமுறுத்தும் செய்திக்கு மட்டுமில்லை, ஆசை காட்டும் விளம்பரத்துக்கும் இதே கேள்விதான். நோய் வரும் வாய்ப்பு பாதியாகக் குறையும் என்கிறார்களா? ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வருவது ஒருவராகக் குறைந்தாலும் அது பாதிதான்.

அடுத்து, ஒப்பிட யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 1998இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் சிலரும் எழுதிய கட்டுரை, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களைத் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தைக் கிளப்பியது. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். தடுப்பூசி போடாத குழந்தைகளோடு ஒப்பிடவே இல்லை. அந்த ஊசியை முதலில் போடுவது ஒரு வயதையொட்டி. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் பெரும்பாலும் அதையடுத்த மாதங்களில்தான். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்ததால் ஒன்றால் மற்றொன்று வந்தது போலத் தெரிந்தது. தங்கள் பிள்ளைக்கு ஏன் இப்படி என்று தவிக்கும் பெற்றோர் அதை நம்பியதில் எனக்கு வியப்பில்லை. ஆய்வு விவரங்களே திரிக்கப்பட்டிருந்தன என்பது பின்னால் வெளிவந்தது. 2010இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசம் வரும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. அதற்குள், பயத்தில் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் விட்டதால், பல இடங்களில் தட்டம்மை திரும்பி வந்துவிட்டது.

புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் இலை, வேர் என்று வரும் செய்திகளுக்கு ஒரே வரி போதும்: ஆய்வுக்கூடத் தட்டில் வைத்த செல்களைப் பினாயில்கூடக் கொல்லும்.

இப்படி ஒன்று உங்களுக்கு வந்தால், அனுப்பியவரை வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும் மடக்காதீர்கள். அக்கறையில்தான் அனுப்பியிருப்பார், அவமானப்பட்டால் பிடிவாதம்தான் கூடும். தனியாகப் பேசுங்கள். இது எங்கே வந்தது, எத்தனை பேரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று இருவருமாகத் தேடுங்கள். ஒருவேளை அவர் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், விவாதமெல்லாம் அப்புறம். அன்றைக்கே அவரை டாக்டரிடம் பேச வையுங்கள்.