80 வாட் போன் சார்ஜரால் 65 வாட் லேப்டாப்பை ஏன் எழுப்ப முடியவில்லை?

[மேசை மேல் ஒரு போன் சார்ஜரும் ஒரு லேப்டாப்பும்]

இந்த சார்ஜர் 80 வாட். இந்த லேப்டாப்புக்கு வேண்டியது 65 வாட். லேப்டாப்பில் இருப்பது டைப்-சி போர்ட், கேபிளின் முனையிலும் டைப்-சி. கணக்குப்படி 15 வாட் மிச்சம் இருக்க வேண்டும். மாட்டுகிறேன், பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை. பேட்டரி ஐகானில் மின்னல் குறிகூட வரவில்லை.

இதோ இன்னொன்று. வெறும் 45 வாட், பார்க்க ஒல்லியாக இருக்கிறது. மாட்டினேன். ஏறுகிறது!

80-ஆல் முடியாததை 45 எப்படிச் செய்தது? வணக்கம் மக்களே. ஊருக்குப் போகும்போது பையில் மூன்று சார்ஜர், நாலு கேபிள் என்று திணித்துக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. ஒன்று போதும். ஆனால் அது எந்த ஒன்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பழைய கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டைப்-சி 2014-இல் வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் விற்கிற போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றிலும் அது கட்டாயம். லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 வரை அவகாசம் கொடுத்தார்கள். இதனால் ஓட்டை எல்லாம் ஒன்றாகிவிட்டது, சரி. உள்ளே ஓடுவது ஒன்றாகவில்லை. வரலாறு முடிந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

ஒரு டைப்-சி சார்ஜரை சுவரில் செருகி, கேபிளின் மறுமுனையைச் சும்மா தொங்கவிடுகிறீர்கள். அந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்கும்? கமென்ட்டில் சொல்லுங்கள் என்று இழுக்க மாட்டேன், நானே சொல்கிறேன்: பூஜ்யம். சுவரில் இருந்து கரண்ட் வருகிறது, சார்ஜர் உயிரோடு இருக்கிறது, ஆனால் கேபிள் முனையில் ஒன்றுமில்லை. எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அது வாயைத் திறக்கும்.

எப்படித் தெரிகிறது? டைப்-சி போர்ட்டுக்குள் 24 பின்கள் இருக்கின்றன. அதில் சிசி என்று இரண்டு. அந்தப் பின்களில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது கரண்ட்டைக் கொஞ்சம் தடுக்கிற ஒரு குட்டிப் பாகம், இருந்தால், "நான் கரண்ட் வாங்குகிற ஆள்" என்று அர்த்தம். கேபிளுக்குள் சிசி கம்பி ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. அது இரண்டு பின்களில் எதில் போய்ச் சேர்கிறது என்பதை வைத்துத்தான், நீங்கள் கேபிளை எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினீர்கள் என்று போர்ட் கண்டுபிடிக்கிறது. ரெசிஸ்டர் தெரிந்ததும் சார்ஜர் முதலில் 5 வோல்ட் கொடுக்கிறது. எச்சரிக்கையாக அவ்வளவுதான் கொடுக்கும்.

அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. மெஸ்ஸில் உட்கார்ந்ததும் சர்வர் வந்து மூச்சு விடாமல் ஒப்பிப்பார் இல்லையா, "இட்லி, வடை, பொங்கல், பூரி, நெய் ரோஸ்ட்" என்று? சார்ஜர் அதே போலத் தன்னிடம் இருப்பதை ஒப்பிக்கிறது. "5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர். என்ன வேண்டும்?" லேப்டாப், "20 வோல்ட்" என்கிறது. சார்ஜர், "சரி" என்கிறது. வோல்டேஜை ஏற்றிவிட்டு, "ரெடி" என்கிறது. இவ்வளவும் நீங்கள் கேபிளைச் செருகிவிட்டுக் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும். இந்தப் பேச்சு நடக்கிற முறைக்குப் பெயர்தான் பவர் டெலிவரி. கடைக்காரர்கள் சுருக்கமாக பி.டி. என்பார்கள்.

நம்முடைய 80 வாட் ஆளுக்கு என்ன வந்தது? அது வேறு மெஸ். அங்கே மெனு இருக்கிறது, ஆனால் அந்த பிராண்டு போனுக்கு மட்டும் புரிகிற பாஷையில் இருக்கிறது. லேப்டாப் உள்ளே போய் உட்கார்ந்தால், தண்ணீர் டம்ளரை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

[சார்ஜரின் அடிப்பக்கம், மிக அருகில்]

நம்பவில்லையா? சார்ஜரைத் திருப்புங்கள். அந்தப் பொடி எழுத்து இருக்கிறதே, யாருமே படிக்காதது, அதைப் போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த 80 வாட் சார்ஜரில் என்ன போட்டிருக்கிறது? ஒரு வரியில் 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். அடுத்த வரியில் 11 வோல்ட், 7.3 ஆம்பியர். பெருக்கினால் 80. அவ்வளவுதான், வேறு வரியே இல்லை. இந்த 80 வாட் முழுக்க அந்த நிறுவனத்தின் போனுக்கு. வெளி ஆளுக்கு 10 வாட். 65 வாட் கேட்கிற லேப்டாப் அதைச் சீண்டக்கூட இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த சார்ஜரில் கேபிள் செருகுகிற இடம் பழைய செவ்வக ஓட்டை, டைப்-ஏ. அதில் சிசி பின்னே கிடையாது. அதாவது இது பி.டி. பேச விரும்பினாலும் பேச வாய் இல்லை. சார்ஜர் பக்கம் செவ்வக ஓட்டை என்றால், லேப்டாப்புக்கு ஆகாது என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடலாம்.

45 வாட் ஒல்லிப்பிச்சானின் முதுகில் பாருங்கள்: 5, 9, 15 என்று வரிசையாக வந்து, கடைசியில் 20 வோல்ட், 2.25 ஆம்பியர். லேப்டாப் தேடுவது இந்த 20 வோல்ட் வரியைத்தான். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற வாட் கணக்கை மறந்துவிடுங்கள். அது விளம்பரத்துக்கு. 20 வோல்ட் வரி இருக்கிறதா, அதற்கு எதிரே எத்தனை ஆம்பியர், இந்த இரண்டு மட்டும் போதும். சில புதிய போன் சார்ஜர்களில் சொந்த பாஷையோடு பி.டி.யும் வருகிறது, அவற்றையும் இந்த வரியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது ஒரு கேள்வி வரும். "அண்ணா, நான் சரியான 65 வாட் பி.டி. சார்ஜர்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் விண்டோஸ் மெதுவான சார்ஜர் என்று புலம்புகிறது." குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான்.

கேபிள் என்றால் வெறும் கம்பி என்று நாம் நினைக்கிறோம். டைப்-சியில் அப்படி இல்லை. 3 ஆம்பியருக்கு மேல் எடுத்துப் போக வேண்டிய கேபிளின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும், இ-மார்க்கர் என்று பெயர். சார்ஜரே அதற்குத் தனியாகக் கொஞ்சம் கரண்ட் கொடுத்து எழுப்பி, "நீ எத்தனை ஆம்பியர் தாங்குவாய்?" என்று கேட்கும். பதில் வந்தால் முழு மெனு. பதில் வராவிட்டால், "சரி, இது சாதாரணக் கேபிள்" என்று 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும்.

65 வாட் என்பது 20 வோல்ட், 3.25 ஆம்பியர். பார்த்தீர்களா, கால் ஆம்பியர் அதிகம்! சிப் இல்லாத கேபிளைப் போட்டால் 20 பெருக்கல் 3, அதாவது 60 வாட்தான் வரும். என்னைக் கேட்டால், 65 வாட் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 5 வாட் குறைந்தால் குடி மூழ்கிவிடாது. ஆனால் 100 வாட் லேப்டாப் வைத்துக்கொண்டு, ஹெட்போனோடு வந்த குட்டிக் கேபிளைப் போட்டுவிட்டு லேப்டாப் கம்பெனியைத் திட்டினால், தப்பு அவர்கள் மேல் இல்லை.

கேபிள் வாங்கும்போது அட்டையில் 60 வாட் அல்லது 240 வாட் என்று போட்டிருக்கும். பழைய சரக்கில் 100 இருக்கும். 240 வாட் கேபிள் போட்டால் லேப்டாப் கருகிவிடுமா என்று பயப்பட வேண்டாம். அது கேபிள் தாங்குகிற உச்சம்தான். எவ்வளவு ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது லேப்டாப்.

கருக வைத்த கேபிள் ஒன்று நிஜமாகவே உண்டு. அந்தக் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கூகுளில் குரோம்புக் பிக்சல் என்ற லேப்டாப்பின் குழுவில் வேலை பார்த்த எஞ்சினியர் பென்சன் லியூங். 2015 கடைசியில், அமேசானில் கிடைக்கிற டைப்-சி கேபிள்களைத் தன் சொந்தச் செலவில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து விமர்சனம் எழுத ஆரம்பித்தார். அவர் முக்கியமாகத் தேடியது ஒரு ரெசிஸ்டரை. ஒரு பக்கம் பழைய டைப்-ஏ, மறுபக்கம் டைப்-சி இருக்கிற கேபிளில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பல மலிவு கேபிள்களில் 10 கிலோ ஓம் இருந்தது. என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? 56 என்றால், "எதிரே இருப்பது சாதாரண போர்ட், பார்த்து இழு" என்று அர்த்தம். 10 என்றால், "3 ஆம்பியர் தாராளமாக இழுக்கலாம்" என்று அர்த்தம். போன் அதை நம்பி இழுக்கும். எதிர்முனையில் இருப்பது ஒரு பழைய லேப்டாப்பின் போர்ட் என்றால், அதன் பாடு திண்டாட்டம். ஒரு பைசாவுக்குப் பெறாத பொருள் சொல்கிற பொய் இது.

2016 பிப்ரவரியில் அவர் கையில் ஒரு கேபிள் மாட்டியது. அதில் இந்த ரெசிஸ்டர் தப்பு மட்டும் இல்லை, பவர் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறி சால்டர் செய்யப்பட்டிருந்தன. செருகினார். அவருடைய குரோம்புக் பிக்சலின் இரண்டு டைப்-சி போர்ட்டுகளும் செத்துப்போயின. கூடவே சோதனைக் கருவியும் போயிற்று. வேகமான டேட்டா கேபிள் என்று விற்ற அதற்குள், வேகத்துக்கு வேண்டிய கம்பிகளே இல்லை என்பது கூடுதல் கொடுமை. அடுத்த மாதமே, விதிமுறைப்படி இல்லாத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை போட்டது. ஒரு மனிதர், ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் பிடிவாதம். இந்த மாதிரி ஆட்களுக்குச் சிலை வைக்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆமோதிக்கிறவர்கள் ஒரு லைக் போடுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2019-இல் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டு சிசி பின்களுக்கும் தனித்தனியாக ரெசிஸ்டர் வைக்க வேண்டிய இடத்தில், சேர்த்து ஒன்றே ஒன்று வைத்துவிட்டார்கள். விளைவு? இ-மார்க்கர் உள்ள நல்ல கேபிளைப் போட்டால், சார்ஜர் அதை ஒரு ஆடியோ கருவி என்று நினைத்துக் கரண்ட் தர மறுத்தது. மலிவான கேபிளைப் போட்டால் ஜம்மென்று எழுந்தது! பிற்பாடு வந்த போர்டுகளில் சரிசெய்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டு டிரிம்மர் லேப்டாப் சார்ஜரில் ஏறாமல், பழைய செவ்வக சார்ஜரில் மட்டும் ஏறுகிறதா? அங்கேயும் இதே கதைதான், சிக்கனத்துக்காக அந்த 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை விட்டிருப்பார்கள். டிரிம்மரைத் தூக்கிப் போடாதீர்கள். டைப்-ஏ முனை கேபிள் ஒன்றை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

டேட்டா வேகம் பற்றி ஒரு வார்த்தை: சார்ஜிங் கேபிள்களில் பெரும்பாலானவை நொடிக்கு 480 மெகாபிட்தான். 50 ஜிபி கல்யாண வீடியோவை எஸ்எஸ்டியில் இருந்து அதில் இழுத்தால் இருபது நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், 10 ஜிகாபிட் கேபிளில் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஐபோன் 15 ப்ரோ 10 ஜிகாபிட் போகும், ஆனால் பெட்டியில் வைத்த கேபிள் 480-தான். அந்தக் குசும்பைப் பற்றித் தனி வீடியோவே போடலாம். மானிட்டரை மாட்டினால் படம் வரவில்லை என்றாலும் முதலில் கேபிளைத்தான் மாற்றிப் பாருங்கள்.

சரி, என்ன வாங்குவது? 65 வாட் காலியம் நைட்ரைடு சார்ஜர் (சிலிக்கனுக்குப் பதில் வருகிற பொருள், பெட்டியில் GaN என்று இருக்கும்) ஒன்று, 20 வோல்ட் வரி உள்ளதாக. கூடவே 240 வாட் கேபிள் ஒன்று. வாட் காட்டுகிற குட்டித் திரை வைத்த கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கடையிலேயே உங்கள் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். "ஒரிஜினல் சார், கண்ணை மூடிட்டு வாங்கிக்கோங்க" என்று சொல்கிற கடையில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டுகிற முனைகளையும், டைப்-சியை நீட்டிக்கிற எக்ஸ்டென்ஷன் கேபிள்களையும் தொடாதீர்கள். விதிமுறையில் அவற்றுக்கு இடமே இல்லை.

பல ஓட்டை உள்ள சார்ஜர் வாங்கினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். லேப்டாப் ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போனை மாட்டினால், ஒரு நொடி எல்லாமே அணைந்து மறுபடி வரும். பதற வேண்டாம். சாப்பிட ஆள் கூடியதால் மறுபடி மெனு ஒப்பிக்கிறது. இந்த முறை 65 முழுசாகக் கிடைக்காது. லேப்டாப்புக்கு 45, போனுக்கு 20 என்பது போலப் பிரித்துக் கொடுக்கும். எந்த ஓட்டைக்கு எவ்வளவு என்பது அதே பொடி எழுத்தில்தான் இருக்கும்.

இப்போது எழுந்து போய் உங்கள் சார்ஜரைத் திருப்புங்கள். 20 வோல்ட் வரிக்கு எதிரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்பதையும், உங்கள் லேப்டாப் மாடலையும் கமென்ட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகுமா என்று முடிந்தவரை எல்லோருக்கும் பதில் போடுகிறேன். வரியே இல்லாதவர்கள் வெட்கப்படாமல் அதையும் எழுதுங்கள்.