பூச்சிக்கே முதல் பந்தி

நேயர்களுக்கு வணக்கம்.

பெட்டி ஆமைக் குஞ்சு மண்புழுவைப் பார்க்கிற அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரச் சருகுக்கு அடியில் மூக்கு மட்டும் தெரியக் கிடக்கும். உள்ளங்கையில் பாதிகூட நிறையாத உருவம். அதன் முன்னால் ஒரு மண்புழுத் துண்டை வைத்ததும் துண்டு நெளியும். உடனே கழுத்து நீளும். தலையை ஒருபக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்க்கும். மூக்கு புழுவைத் தொடும் தூரம்வரை வந்து அப்படியே நிற்கும். அப்புறம் ஒரே கவ்வு! வாயில் தொங்கும் மிச்சத்தை இரண்டு முன்னங்கால்களாலும் மாற்றி மாற்றித் தள்ளி, பிய்த்து விழுங்கும்.

இதே குஞ்சின் முன்னால் நறுக்கிய காய்கறியை வைத்தால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. அசைவுதான் அதன் பசியை எழுப்புகிறது. வட அமெரிக்கக் காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழும் இனம் இது. அடி ஓட்டில் கீல் போன்ற மடிப்பு இருப்பதால், வளர்ந்த ஆமை ஓட்டைப் பெட்டிபோல மூடிக்கொள்ளும். குஞ்சுக்கு அந்தக் கீல் இன்னும் வேலை செய்யாது. அதனால்தான் சருகுக்குள் ஒளிந்தே வாழ்கிறது, அங்கே அகப்படும் புழு பூச்சியைத் தின்றே வளர்கிறது. பழம், காளான், இலை எல்லாம் வயது ஏற ஏறத்தான் கூடும்.

சரி, புழு பூச்சி போட்டால் போதுமா என்றால், போதாது. நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது இதைத்தான். ஆமைக்கு ஓடு என்பது மேலே மாட்டிய சட்டை அல்ல. விலா எலும்பும் முதுகெலும்பும் விரிந்து இணைந்த எலும்பு அது. குஞ்சு வளர வளர ஓடும் வளர வேண்டும், அதற்குக் கால்சியம் வேண்டும். உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருப்பது நல்லது. தீனியாகப் போடும் சுவர்க்கோழிப் பூச்சியிலும் மாவுப்புழுவிலும் இது தலைகீழ்: பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அவற்றை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால், உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். வயிறு நிறையத் தின்ற குஞ்சின் ஓடு கோணலாகி, கால் தளர்ந்து போவது இப்படித்தான்.

ஆகவே ஆமைக்குப் போடும் முன் பூச்சிக்குப் பந்தி வையுங்கள். 24 முதல் 48 மணி நேரம் கரும்பச்சைக் கீரை, கேரட் என்று நன்றாகத் தின்னவிடுங்கள். அது தின்றதெல்லாம் குஞ்சின் வயிற்றுக்குத்தான் போகப்போகிறது. அப்புறம் ஒரு பையில் சிட்டிகை கால்சியம் பொடியும் பூச்சிகளும் போட்டு மெதுவாகக் குலுக்கி, உடனே கொடுத்துவிடுங்கள். சுவர்க்கோழி தன் உடம்பைத் தானே துடைத்துக்கொள்ளும், தாமதித்தால் பொடி ஒட்டியிருக்காது. இந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு யூ.வி.பி. என்கிற புற ஊதா வெளிச்சம் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அது இருக்காது, கண்ணாடியே தடுத்துவிடும்.

எந்த இரை நல்லது என்று கேட்டால், என் முதல் தேர்வு மண்புழு. மருந்து அடிக்காத மண்ணில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். கழுவி நறுக்கிக் கொடுங்கள். குஞ்சின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடத் துண்டு பெரிதாக இருக்கக் கூடாது. கல்லுக்கடியில் இருந்து தொட்டால் உருண்டுகொள்ளுமே சாம்பல் நிறப் பூச்சி, அதன் ஓட்டில் கால்சியம் உண்டு, அதுவும் அருமையான தீனி. மாவுப்புழுவில் தோல் உரித்து வெள்ளையாக இருப்பதைப் பொறுக்கிப் போடுங்கள். மெழுகுப்புழு வெறும் கொழுப்பு, எப்போதாவது ஒன்று போதும். மின்மினியை மட்டும் போடவே போடாதீர்கள். அதன் உடம்பில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது.

தீனியைக் காலையில், உடம்பு சூடேறிய பிறகு கொடுங்கள். குளிர்ந்த உடம்பில் செரிக்காது.

ஒரு நாள் இரவு, மிஞ்சிய சுவர்க்கோழிகளை எடுக்காமல், நான் குஞ்சை வளர்க்கும் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். காலையில் குஞ்சின் ஒரு கண்ணிமை கடிபட்டு வீங்கியிருந்தது. பசித்த சுவர்க்கோழி தூங்கும் ஆமையைக் கடிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இமை ஆறும்வரை எனக்கு மனசே சரியில்லை. அன்றிலிருந்து எண்ணிப் போடுகிறேன், எண்ணி எடுக்கிறேன். ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் மறப்பதில்லை, சால்மொனெல்லா கிருமி ஆமையின் மேல் இருக்கலாம்.

புழுவிலேயே பழகிய குஞ்சுக்கு வைட்டமின் ஏ குறைந்தாலும் இமை வீங்கும். அதற்காக, துருவிய கேரட்டில் மண்புழுச் சாறு படும்படி பிசைந்து வைப்பேன். வாரக்கணக்கில் அது புழுவை மட்டும் தேடி எடுத்துத் தின்றது. அலகில் ஒட்டிய கேரட்டை முன்னங்காலால் துடைத்துப் போட்டது. நானும் விடவில்லை. ஒரு காலையில் தட்டில் புழுவெல்லாம் தீர்ந்த பிறகும் அது நகரவில்லை. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், அசையாமல் கிடந்த அந்த ஆரஞ்சு நிறத் துணுக்கை வெகுநேரம் பார்த்தது. அப்புறம் கவ்வியது.

வணக்கம்.