கணவாயைக் காத்து நிற்கும் ஊர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பெயினின் வடமேற்கில், லெயோன் மாகாணம் முடிந்து கலீசியா தொடங்கும் மலைவாயிலில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் ஓ செப்ரெய்ரோ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கிறித்தவ யாத்திரைத் தலமான சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் லாஸ் எர்ரேரியாஸ் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டு, லா ஃபாபாவையும் லகூனாவையும் கடந்து, ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றத்தை மூச்சிரைக்க ஏறி இங்கே வந்து சேர்கிறார்கள். 1809 ஜனவரியில், பிரெஞ்சுப் படைக்கு அஞ்சிப் பின்வாங்கிய தளபதி ஜான் மூரின் ஆங்கிலேயப் படை இந்த மலைத்தொடரின் பனியில் பட்ட பாட்டை நினைத்தால், இங்கே ஒரு கூரையும் ஓர் அடுப்பும் எத்தகைய பெரும் உதவி என்பது விளங்கும்.

அந்தக் கூரையைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். 'பல்யோசா' எனப்படும் இவ்வூர் வீடு, தாழ்ந்த கற்சுவரும் அதன்மேல் ரை என்னும் தானியத்தின் தாளால் வேய்ந்த உயர்ந்த கூம்புக் கூரையும் கொண்டது. காற்று முட்டி நிற்க மூலையே இல்லாதபடி சுவர் வளைந்து செல்கிறது. முன்னாளில் ஒரே கூரையின் கீழ் ஒருபுறம் மனிதர்கள், மறுபுறம் மாடுகள். மாடுகளின் உடற்சூடே வீட்டுக்கும் சூடு. புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை தாள்களின் இடுக்கு வழியே கசிந்து வெளியேறும். போகிற போக்கில் மேலே தொங்கும் இறைச்சியைப் பதப்படுத்தி, கூரையையும் பூச்சி அரிக்காமல் காக்கும். வறுமையில் பிறந்த அறிவு என்று இதைச் சிலர் சொல்லக்கூடும். நான் இதைத் தேர்ந்த கட்டடக்கலை என்றே மதிக்கிறேன்.

இவ்வூரின் பாதிரியாராக இருந்த எலியாஸ் வலீன்யா, மறக்கப்பட்டுக் கிடந்த யாத்திரைப் பாதையை மீட்க முனைந்தார். 1984இல் காரில் மஞ்சள் வண்ணத்தை ஏற்றிக்கொண்டு போய், மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அவர் வரைந்த அம்புக்குறிகள் இன்று உலகறிந்த அடையாளம். 1989இல் மறைந்த அவரது மார்பளவுச் சிலை தேவாலயத்தருகே நிற்கிறது.

வழி மீண்டது, யாத்திரிகர் கூட்டமும் வந்தது. ஆனால் சுற்றியுள்ள லின்யாரெஸ், பதோர்னேலோ போன்ற ஊர்களின் உழவு அவ்வாறு மீளவில்லை. கூரை வேய்வதற்கு நீண்ட, நசுங்காத தாள் வேண்டும். அறுவடை இயந்திரத்தில் அகப்பட்ட தாள் நொறுங்கிவிடும். ஆகவே பல்யோசாவைக் காக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, இம்மலைச் சரிவில் இன்னும் ரை விதைத்துக் கையால் அறுக்கும் உழவரின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இந்த மேடையில் நின்று வேண்டுகிறேன்.